ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவோருக்கு: தரவு எடுக்கும் நாள் முதல் திருத்தம் போடும் நாள் வரை நெறி தவறாமல் செய்வது எப்படி?

ஆய்வு மாணவர்களிடம் வெளியீட்டு நெறி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, “எத்தனை சதவீதம் வரைக்கும் விடுவாங்க சார்?” என்பதுதான். கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டும் எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண் கடைசி நேரத்தில் பார்க்கும் ஒரு சின்னச் சரிபார்ப்பு மட்டுமே. ஒரு கட்டுரை நேர்மையானதா என்பது அதற்குப் பல மாதம் முன்பே, தரவு எடுக்கும்போதும் பெயர் வரிசை பேசும்போதும் இதழைத் தேர்ந்தெடுக்கும்போதும் முடிவாகிவிடுகிறது.

எல்லாப் படிக்கும் பொருந்தும் ஒரு சோதனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டுரையின் எந்த வரியில் விரல் வைத்து, “இதைச் செய்தது யார், இதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்டாலும் நீங்கள் எடுத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத வரி கட்டுரையில் இருக்கக் கூடாது.

கீழே வரும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கானவை. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதழ்கள் எதிர்பார்க்கும் நெறி எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பெரும்பாலும் வகுத்தவை இரண்டு அமைப்புகள். ஒன்று, 1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் தொடங்கிய வெளியீட்டு நெறிக் குழு. கோப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மற்றொன்று, மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇ. இரண்டின் வழிகாட்டுதல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் படி: தரவு எடுக்கும் முன்பே

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். உயிர் மருத்துவ ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறைகள் இருக்கின்றன. மருந்துப் பரிசோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைகளுக்கான சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிய வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். பள்ளி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துச் செய்யும் கல்வியியல் ஆய்வுக்குக்கூட இப்போது பல இதழ்கள் அனுமதி எண்ணையும் தேதியையும் கேட்கின்றன. கட்டுரையை அனுப்பும் நேரத்தில் ஓடிப்போய்ப் பின்தேதியிட்டு ஒரு கடிதம் வாங்குவது போலி ஆவணம் தயாரிப்பதுதான். வேறு பெயர் அதற்கு இல்லை.

நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல், மொழியியல் ஆய்வு செய்பவர்களிடம் இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் ஒன்று இருக்கும். பெயர், வயது, சாதி, தொழில், ஊர் எல்லாம் வரிசையாக. ஆய்வேடு நூலக அலமாரியில் இருந்த காலத்து வழக்கம் அது. இப்போது ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிவிடுகிறது, உலகத்தில் யாரும் பார்க்கலாம். குடும்பச் சண்டையையோ சாதிக் கொடுமையையோ உங்களிடம் மனம்விட்டுச் சொன்ன ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் அதில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதே சமயம், ஒரு ஒப்பாரிப் பாடகியோ கூத்துக் கலைஞரோ தன் பாட்டுக்குத் தன் பெயர் வர வேண்டும் என்று விரும்பலாம். அது அவருடைய உரிமை. ஆகவே பதிவுக் கருவியை ஆன் செய்யும் முன் கேளுங்கள்: “அம்மா, இது புத்தகத்திலயும் இன்டர்நெட்லயும் வரும். உங்க பேரைப் போடட்டுமா, வேற பேர் வைக்கட்டுமா?” கேட்டதும் அவர் சொன்ன பதிலும் ஒலிப்பதிவிலேயே இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

அப்புறம், குறிப்பேடு. அன்றன்று செய்ததை அன்றன்றே தேதி போட்டு எழுதுவது. வேதியியல் ஆய்வகமானாலும் கல்வெட்டு ஆய்வானாலும் இது பொருந்தும். பிரான்சஸ் ஆர்னால்ட் 2018இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2020 ஜனவரியில், ‘சயின்ஸ்’ இதழில் வந்த தன் குழுவின் கட்டுரை ஒன்றை அவரே திரும்பப் பெற்றார். அதில் சொன்ன முடிவுகள் மறுபடி செய்தபோது வரவில்லை. முதல் ஆசிரியரின் ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்தால், முக்கியமான சோதனைகளுக்கு அந்தந்த நாளில் எழுதிய பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. அந்தக் காலகட்டத்தில் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஆர்னால்ட் பொதுவெளியில் எழுதி மன்னிப்பும் கேட்டார். நோபல் பரிசு பெற்றவரின் ஆய்வகத்திலேயே குறிப்பேட்டில் பதிவுகள் இல்லாததும் சேர்ந்து ஒரு கட்டுரை விழுந்தது.

இரண்டாம் படி: யார் பெயர் வரும்?

என் அனுபவத்தில் ஆய்வு மாணவர்களை அதிகம் வதைப்பது இதுதான். இதைப் பற்றி வாய்திறந்து பேசுவதற்கும் ஆள் இல்லை.

ஐசிஎம்ஜேஇ நான்கு நிபந்தனைகள் வைக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் பிரச்சினை வந்தால் பொறுப்பேற்கச் சம்மதிக்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்தது, ஆய்வகத்தைத் திறந்துவிட்டது, துறைத்தலைவராக இருப்பது ஆகியவற்றுக்கு நன்றியுரையில் இடம் உண்டு, ஆசிரியர் வரிசையில் கிடையாது.

பெயரைச் சும்மா சேர்ப்பதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வேன். அங்கே நிலவியல் பேராசிரியராக இருந்த விஸ்வஜித் குப்தா இமயமலையில் கண்டெடுத்த புதைபடிவங்கள் என்று கால் நூற்றாண்டுக் காலம் கட்டுரைகள் எழுதிக் குவித்தார். 1989இல் ஆஸ்திரேலிய நிலவியலாளர் ஜான் டேலன்ட் ‘நேச்சர்’ இதழில் அதை உடைத்தார். இமயமலையில் கிடைத்ததாகச் சொன்ன சில நுண்படிவங்கள் நியூயார்க் மாநிலத்தின் ஓர் ஓடைப் பகுதியைச் சேர்ந்தவை போலவே இருந்தன. சில அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுடைய கடலுயிரிகளின் புதைபடிவங்கள்) மொராக்கோவிலிருந்து வந்து பாரிஸ் கடைகளில் விற்பனைக்கு இருந்தவற்றை அப்படியே ஒத்திருந்தன. இதில் நமக்கு முக்கியமானது அவருடன் பெயர் போட்டவர்களின் கதி. படிவங்களை அவர் கொடுப்பார், வெளிநாட்டு நிபுணர்கள் அடையாளம் கண்டு எழுதுவார்கள், கூட்டுக் கட்டுரையாக வரும். எடுத்த இடத்தைப் பெரும்பாலோர் நேரில் பார்த்ததில்லை. அந்தக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் இன்றும் இருக்கிறது.

என்ன செய்யலாம்? ஆய்வு தொடங்கும்போதே யார் என்ன செய்வது, பெயர் எந்த வரிசையில் வரும் என்று ஒரு மின்னஞ்சலில் எழுதிவைத்துவிடுங்கள். வேலை மாறினால் வரிசையும் மாறலாம் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நெறியாளரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. பல இதழ்கள் இப்போது ஆசிரியர் ஒவ்வொருவரின் பங்கையும் 14 வகைகளாகப் பிரித்த கிரெடிட் என்னும் முறைப்படி எழுதித் தரச் சொல்கின்றன. கருத்தாக்கம், தரவு மேலாண்மை, முதல் வரைவு, மேற்பார்வை என்று போகும் அந்தப் பட்டியல். அதை நிரப்பி எடுத்துக்கொண்டு போய், “ஐயா, இந்த இதழ் ஒவ்வொருத்தர் பங்கையும் எழுதிக் கேக்குது. ஒரு வரைவு போட்டிருக்கேன், நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று சொல்லலாம். மரியாதையும் குறையாது, கேள்வியும் இதழ் கேட்டதாகிவிடும். பங்கே இல்லாத ஒருவரின் பெயருக்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. அந்தக் காலி இடமே பேசும். எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். அதிகாரம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் உறவு அது. ஆனாலும் எழுத்தில் ஒரு பதிவு இருப்பது பின்னாளில் மாணவருக்குத் துணை.

இதன் மறுபக்கமும் உண்டு. புள்ளியியல் பகுப்பாய்வு முழுவதையும் செய்து கொடுத்தவர், களத்தில் மாதக்கணக்கில் அலைந்து முடிவுகளை விளக்கவும் உதவியவர் ஆகியோரின் பெயரை விட்டுவிடுவதும் அதே அளவு தவறு. காசுக்கு ஆசிரியர் இடம் விற்கும் விளம்பரங்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகின்றன. முதல் இடத்துக்கு ஒரு விலை, நான்காம் இடத்துக்கு ஒரு விலை. அந்தக் கட்டுரை எந்தத் தொழிற்சாலையில் தயாரானது என்று உங்களுக்குத் தெரியாது, விழும்போது உங்கள் பெயரோடுதான் விழும்.

மூன்றாம் படி: இதழைத் தேர்ந்தெடுப்பது

இப்படி ஒரு மின்னஞ்சல் உங்களுக்கும் வந்திருக்கும். “மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம். தங்கள் மதிப்புமிக்க கட்டுரையைப் படித்து வியந்தோம். எங்கள் பன்னாட்டு இதழில் பொறியியல், மேலாண்மை, தமிழ், சித்த மருத்துவம் என எல்லாத் துறைக் கட்டுரைகளும் வரவேற்கப்படுகின்றன. 48 மணி நேரத்தில் ஏற்பு. கட்டணம் 1,500 ரூபாய். சான்றிதழ் உண்டு.” இதை வரிவரியாகப் பாருங்கள். எல்லாத் துறைக்கும் ஒரே இதழ் என்றால் மதிப்பிடுபவர் யார்? இரண்டு நாளில் துறை அறிஞர்கள் இருவர் ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்து எழுத முடியுமா? ஆய்விதழ் எதற்குச் சான்றிதழ் தர வேண்டும்?

2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஒரு சோதனை செய்தார். பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கனிலிருந்து புற்றுநோய் மருந்து கண்டதாகச் சொல்லும் ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்தார். துறை தெரிந்தவர் பார்த்தால் உடனே நிராகரிக்க வேண்டிய அளவுக்குப் பிழைகளை வேண்டுமென்றே வைத்தார். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. சோதித்த இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. அவற்றில் 64 ஏற்றன, 15 மட்டுமே மறுத்தன. அந்தக் கணக்கைப் பார்த்து நாம் வெட்கப்படத்தான் வேண்டும்.

அந்தச் சந்தை வளர்ந்ததற்கு நம் விதிகளும் காரணம். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும் என்று 2016 ஒழுங்குமுறை சொன்னது. 2022இல் யுஜிசி அதை எடுத்துவிட்டது. ஆனாலும் பதவி உயர்வுக்கும் பல பல்கலைக்கழகங்களின் சொந்த விதிக்கும் இன்னும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படுகிறது. யுஜிசி வைத்திருந்த இதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதன்பின் யுஜிசி கொண்டுவந்த கேர் என்னும் இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களும் ஆய்வாளர்களுமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். “யுஜிசி கேர் இதழ்” என்று இன்றும் யாராவது விளம்பரம் செய்தால், அதை வைத்தே அந்த இதழை எடைபோட்டுவிடலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? நான் இந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன்.

முதலில், அந்த இதழில் உங்கள் தலைப்பை ஒட்டி வந்த மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். தரம் தெரிந்துவிடும். கட்டுரையின் தொடக்கத்திலோ முடிவிலோ பெறப்பட்ட நாள், திருத்தப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் என்று போட்டிருப்பார்கள். மூன்று கட்டுரையும் மூன்று நான்கு நாளில் ஏற்கப்பட்டிருந்தால் அங்கே மதிப்பீடு நடக்கவில்லை.

அடுத்து, இதழாசிரியர் குழு. அதில் உள்ள ஒருவரின் பெயரை எடுத்து, அவர் வேலை செய்யும் பல்கலைக்கழகப் பக்கத்தில் மின்னஞ்சலைத் தேடி, “இந்த இதழின் குழுவில் நீங்கள் இருக்கிறீர்களா?” என்று எழுதிக் கேளுங்கள். தனக்கே தெரியாமல் தன் பெயர் ஏறியிருப்பதை அப்படித்தான் பலர் அறிந்துகொள்கிறார்கள்.

ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருக்கிறது என்று இதழ் சொன்னால் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அதற்குச் சந்தா தேவையில்லை. எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். முன்பு இருந்து இப்போது நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையை வைத்தே பணம் வாங்குகின்றன. அதேபோன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸும் அப்படித்தான். 2023 மார்ச்சில் மட்டும் 50க்கு மேற்பட்ட இதழ்களை அது நீக்கியது. இன்னொன்று, கடத்தப்பட்ட இதழ்கள். நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே போட்டு ஒரு போலி இணையதளம் நடத்துவார்கள். ஆகவே இதழின் முகவரியைத் தேடுபொறியில் எடுக்காமல் ஸ்கோபஸ் பக்கத்திலிருந்தோ பழைய அச்சுப் பிரதியிலிருந்தோ எடுங்கள்.

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது எதற்கும் சான்று ஆகாது. அது வெறும் பதிவு எண். கட்டுரைக்குத் தரும் நிலையான இணைய அடையாள எண்ணான டிஓஐயும் அப்படியே. தமிழ்த்துறைகளில் பழகிப்போன, நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் எண் கொண்ட கருத்தரங்கத் தொகுப்புகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டியவர் எல்லோருடைய கட்டுரையும் யாரும் படிக்காமலே அச்சாகிவிடுகிறது. நல்ல தொகுப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரையைத் திருத்தி ஒரு கருத்தாவது திரும்பி வராவிட்டால் அது மதிப்பீடு பெற்ற வெளியீடு ஆகாது. தன்விவரக் குறிப்பில் அப்படிக் காட்டவும் கூடாது.

கட்டணம் வாங்கினாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றுக்கு நியாயமான கட்டணம் உண்டு, அதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். சந்தா இதழ்களில் பெரும்பாலும் ஆசிரியர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2003இல் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டிஓஏஜேயில் கட்டணம் இல்லாத இதழ்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நான்காம் படி: எழுதும்போது

ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “கடைமடைக்கு முதலில் நீர் விடும் வழக்கம் இருந்த ஊர்களில் ஏரிப் பாசனத்தை ஒட்டிய சச்சரவுகள் குறைவாக இருந்தன.”

மாணவர் எழுதுகிறார்: “கடைமடைக்கு முன்னதாகத் தண்ணீர் திறக்கும் மரபு காணப்பட்ட கிராமங்களில் ஏரிப் பாசனம் சார்ந்த தகராறுகள் குறைந்து காணப்பட்டன.” சொற்கள் மாறிவிட்டன. மென்பொருள் விட்டுவிடும். ஆனால் கருத்தும் வாக்கிய அமைப்பும் அந்த நூலாசிரியருடையவை. அவர் பெயரைக் காணோம். இது திருட்டுதான். கீழே ஓர் அடிக்குறிப்பு போட்டாலும் பாதிதான் சரியாகும், ஏனென்றால் வாக்கியத்தைத் தன்னுடையதாகவே காட்டுகிறார்.

சரியான வழி இப்படி இருக்கும்: “கடைமடைக்கு முதல் முறை கொடுத்த ஊர்களில் சச்சரவு குறைவு என்று இன்னார் (ஆண்டு, பக்கம்) காட்டியிருக்கிறார். நான் பார்த்த ஏரிகளில் இரண்டு மட்டுமே அதற்கு ஒத்துப்போகின்றன.” கருத்து யாருடையது, உங்களுடையது எங்கே தொடங்குகிறது என்று வாசிப்பவருக்குக் கோடு போட்டாற்போல் தெரிய வேண்டும். நூலை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து சரிபார்த்தால் இது தானாக வரும்.

இப்போது அந்தச் சதவீதம். 2018ஆம் ஆண்டு யுஜிசி ஒழுங்குமுறை நான்கு நிலைகள் வைத்திருக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதழ்க் கட்டுரையில் பிடிபட்டால் அதைத் திரும்பப் பெற வேண்டும். மேல்நிலைகளில் ஊதிய உயர்வு நிறுத்தமும், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களை எடுக்கத் தடையும் உண்டு. மேற்கோள் குறியோடு ஆதாரம் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், முகவுரை, சட்டங்கள், சமன்பாடுகள் கணக்கில் வராது.

9 சதவீதம் வந்தது, தப்பித்தேன் என்று நினைப்பதில் பொருளில்லை. அந்த 9 சதவீதமும் ஒரே ஒருவரின் முடிவுரையாக இருந்தால் அது முழுத் திருட்டு. 25 சதவீதம் காட்டும் கட்டுரையில் அத்தனையும் பாடல் வரிகளும் கல்வெட்டு வாசகங்களுமாக இருக்கலாம். அறிக்கையைத் திறந்து நிறமிட்ட ஒவ்வொரு இடத்தையும் பார்ப்பதுதான் வேலை. தமிழில் இன்னொரு சிக்கல்: பழைய ஆய்வேடுகள் பல யுனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சானவை அல்லது வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து எடுத்தால் மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் தமிழ்க் கட்டுரைகளில் குறைந்த எண் வருவது நேர்மைக்குச் சான்றாகாது. நெறியாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் காட்டுவதும் நம்மிடம் மலிந்திருக்கிறது. கல்வெட்டுத் தொகுதியைத் தொடாமல், வேறொருவர் நூலில் கண்ட எண்ணையும் வரியையும் அப்படியே எடுத்து நேரடி மேற்கோளாகப் போடுவார்கள். அவர் செய்த அச்சுப்பிழையும் கூடவே வரும். பத்துக் கட்டுரைகளில் ஒரே தவறான எண் வருவது இப்படித்தான். மூலம் கிடைக்கவில்லையென்றால் “இன்னார் நூலில் காட்டியபடி” என்று எழுதினால் போதும்.

சொந்தக் கட்டுரையையே மறுபடி விற்பதும் தவறுதான், 2020 ஏப்ரலில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவே சொன்னது. ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கலாம், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே தரவை நான்காக வெட்டி நான்கு கட்டுரை ஆக்குவது வாசகரை ஏமாற்றுவது.

ஐந்தாம் படி: எண்களும் படங்களும்

ஒத்துவராத தரவுகளை நீக்கினால் எதை, எந்த விதிப்படி நீக்கினீர்கள் என்று எழுதுங்கள். அந்த விதியைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்வது நல்லது. படங்களில் வெளிச்சத்தை முழுப் படத்துக்கும் ஒரே அளவில் மாற்றலாம், ஆய்வகப் படத்தில் தெரியும் ஒரு பட்டையை மட்டும் அழிக்கக் கூடாது. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்து, 2016இல் வெளியிட்ட ஆய்வில் 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்களைக் கண்டார்கள். மூலப் படங்களையும் மூலக் கோப்புகளையும் பெயர் மாற்றாமல் தனியாகச் சேமித்துவையுங்கள்.

மற்றவர் கொடுத்த தரவில் எழுதுபவர்கள் 2020 ஜூனை நினைவில் வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் மருத்துவமனைத் தரவை வைத்து ‘லான்செட்’, ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ்களில் வந்த இரண்டு கட்டுரைகள் ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டன. மூலத் தரவைச் சரிபார்க்க அந்த நிறுவனம் தரவில்லை, சக ஆசிரியர்களும் அதுவரை அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆறாம் படி: சாட்ஜிபிடி போன்ற கருவிகள்

செயற்கை நுண்ணறிவைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட முடியாது என்று 2023இன் தொடக்கத்திலேயே கோப் அமைப்பும் பெரிய இதழ்களும் சொல்லிவிட்டன. காரணம் எளிது: அதனால் பொறுப்பேற்க முடியாது. ஆங்கில நடையைச் சீர்படுத்த உதவி பெறுவதைப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. எந்தக் கருவி, எதற்காக என்று சொல்ல வேண்டுமா என்பதை இதழுக்கு இதழ் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சொல்லிவிடுவதே நல்லது. 2024 பிப்ரவரியில் ஓர் உயிரணுவியல் இதழில், கருவியால் வரைந்த எலியின் உடற்கூற்றுப் படம் அர்த்தமில்லாத எழுத்துகளோடு மதிப்பீட்டையும் தாண்டி அச்சாகி, சில நாளிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

தமிழாய்வில் ஆபத்து இன்னும் அதிகம். இந்தக் கருவிகளிடம் சங்கப் பாடல் மேற்கோள் கேட்டால் இல்லாத வரியை, இல்லாத பாடல் எண்ணோடு, நம்பும்படி தரும். நூற்பட்டியல் கேட்டாலும் அப்படித்தான். கருவி தந்த ஒவ்வொரு மேற்கோளையும் பதிப்பைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: அனுப்புவதும் மதிப்பீடும்

ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். தாமதமானால் நினைவூட்டுங்கள். அப்படியும் பதில் இல்லையென்றால் “திரும்பப் பெறுகிறேன்” என்று எழுதி, அது உறுதியான பிறகு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். நிதி தந்தவர் யார், ஆய்வின் முடிவால் உங்களுக்கு லாபம் உண்டா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

மதிப்பீட்டாளர் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் நெறியாளரையோ அண்மையில் கூட எழுதியவரையோ சொல்லாதீர்கள். நிறுவன மின்னஞ்சலையே கொடுங்கள். 2014இல் அதிர்வியல் இதழ் ஒன்று 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலி மின்னஞ்சல் கணக்குகளை உருவாக்கி, தங்கள் கட்டுரைகளைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் ஒரு வளையமே அங்கே இயங்கியிருந்தது. சிறப்பிதழ் அழைப்புகளிலும் கவனம் தேவை. 2023இல் ஹிந்தாவி நிறுவனத்தின் இதழ்களிலிருந்து 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அவற்றில் பெரும்பகுதி விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களில் வந்தவை.

மதிப்பீட்டாளர் கருத்துக்குப் பதில் எழுதும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். ஏற்க முடியாததை ஏன் ஏற்கவில்லை என்று காரணத்தோடு சொல்லலாம். மதிப்பீட்டாளர் தன் கட்டுரைகள் ஐந்தாறை மேற்கோளாகச் சேர்க்கச் சொல்லி, அவை உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாதவையாக இருந்தால், இதழாசிரியருக்குத் தனியாக எழுதுங்கள்: “இவை எங்கள் ஆய்வோடு எப்படித் தொடர்புடையவை என்று எங்களுக்குப் புரியவில்லை. தங்கள் வழிகாட்டலை வேண்டுகிறோம்.” நீங்களே மதிப்பீட்டாளராகும்போது, உங்களிடம் வந்த கட்டுரையை யாரிடமும் காட்டாதீர்கள், செயற்கை நுண்ணறிவுக் கருவியிலும் ஏற்றாதீர்கள். அது இன்னொருவரின் வெளிவராத உழைப்பு.

எட்டாம் படி: வெளிவந்த பிறகு

பிழை கண்டால் நீங்களே முதலில் இதழுக்கு எழுதுங்கள். சின்னப் பிழைக்குத் திருத்தக் குறிப்பு போதும், முடிவையே மாற்றும் பிழை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். நேர்மையாகத் திரும்பப் பெற்றவரை அவமானப்படுத்தும் வழக்கம் நம் துறைகளில் இருக்கிறது. அது போக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வாய்திறக்கமாட்டார்கள். மற்றவர் கட்டுரையை மேற்கோள் காட்டும் முன், அது இன்னும் நிற்கிறதா என்று, திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பாருங்கள். 2023 முதல், டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

உங்கள் கட்டுரையை வேறொருவர் எடுத்துத் தன் பெயரில் போட்டிருந்தால், கோபத்தில் முகநூலில் எழுதும் முன் இரண்டு கட்டுரைகளையும் பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள். பக்கம் மறைந்துவிடக்கூடும். ஒரே அட்டவணையில் இடப்பக்கம் உங்கள் வரி, வலப்பக்கம் அவர் வரி, இரண்டுக்கும் பக்க எண், வெளிவந்த தேதி என்று தயாரியுங்கள். அதை இதழாசிரியருக்கு அனுப்புங்கள். “திருடன்” என்ற சொல் வேண்டாம், அட்டவணையே போதும். பதில் வராவிட்டால் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். இதழ் கோப் உறுப்பினராக இருந்து, தன் சொந்த நடைமுறைப்படி விசாரிக்க மறுத்தால் கோப்பிடம் முறையிடலாம். எடுத்தவர் இந்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால், அங்கே 2018 ஒழுங்குமுறைப்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் கல்வி நேர்மைக் குழுக்கள் இருக்க வேண்டும். துறைக் குழு 45 நாளுக்குள் தன் பரிந்துரையை மேல்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். புகாரைப் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, பெற்றதற்கான ரசீதை அந்த அட்டவணையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.